உள்ளே ஒரே வடிவம், வெளியே அவரவர் வடிவம்
(மதுராந்தகத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல இயங்குதளங்களில் ஓடும் மென்பொருளில் மொழியையும் வட்டார அமைப்பையும் எப்படிக் கையாள்வது என்பது எனக்குத் தந்த தலைப்பு. கேட்டவுடன் இது நிரல் எழுதுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று தோன்றலாம். அப்படித்தானா என்று இந்த ஊர் ஏரியை வைத்தே பார்த்துவிடுவோம்.

மதுராந்தகம் ஏரியின் முழு உயரம் 23.3 அடி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் எண் இது. இந்த எண்ணை ஒரு கோப்பில் எழுதி, ஜெர்மனி நாட்டு அமைப்பில் ஓடும் கணினியில் திறக்கிறோம் என்று வையுங்கள். அந்த நாட்டில் தசமத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள். ஆயிரத்தைப் பிரிப்பதற்குத்தான் புள்ளி. ஆகவே கணினியின் அமைப்பைப் பார்த்து எண்ணைப் படிக்கும் நிரல், 23.3 என்பதில் உள்ள புள்ளியை வெறும் பிரிப்புக் குறியாக நினைத்துத் தள்ளிவிட்டு, 233 என்று படித்துக்கொள்ளும். பிழைச்செய்தி எதுவும் வராது. ஏரி பத்து மடங்கு உயர்ந்துவிடும். அதை வைத்துப் போடும் கணக்கெல்லாம் பத்து மடங்கு தவறும். இதே நிரல் சென்னையில் சரியாக ஓடும், பெர்லினில் தவறும். குறை நிரலை எழுதியவரிடம்தான். தன் மேசையில் இருக்கும் கணினியின் வழக்கத்தையே உலகத்தின் வழக்கமாக எடுத்துக்கொண்டார்.

கணினித் துறையில் 'லோக்கேல்' என்று சொல்வது இந்த வழக்கங்களின் தொகுப்பைத்தான். எந்த மொழி, எந்த நாடு, தேதியை எப்படி எழுதுவது, எண்ணை எங்கே பிரிப்பது, பணத்துக்கு எந்தக் குறி, வாரம் எந்தக் கிழமையில் தொடங்குகிறது, சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்ற அத்தனையும் அதில் அடங்கும். உலக மொழிகள் பலவற்றுக்கும் இந்த விவரங்களைத் திரட்டி வைத்திருக்கிறது சிஎல்டிஆர் என்னும் பொதுத் தரவுத் தொகுப்பு. 2004 முதல் யூனிகோடு கூட்டமைப்பு அதைப் பராமரித்து வருகிறது. ஆண்ட்ராய்டு, ஐபோன், உலாவிகள், ஜாவா ஆகிய எல்லாமே பெரும்பாலும் அந்த ஒரே ஊற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன.

அந்தத் தொகுப்பில் தமிழுக்கு எத்தனை இடம் என்று பாருங்கள். இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என நான்கு. மொழி ஒன்றுதான், வழக்கம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. பத்து லட்சத்தை நாம் 10,00,000 என்று எழுதுகிறோம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் 1,000,000 என்று எழுதுகிறார்கள். இலங்கைத் தமிழ் அமைப்பில் நேரம் 24 மணிக் கணக்கில் வரும். இந்தியத் தமிழ் அமைப்பில் 12 மணிக் கணக்கில் வரும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் நாட்காட்டி ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. இலங்கையிலும் மலேசியாவிலும் திங்கட்கிழமையில். வார விடுமுறை இந்தியாவுக்கு ஞாயிறு மட்டும்தான் என்றுகூட அந்தத் தரவில் பதிவு இருக்கிறது. ஆகவே 'தமிழ்' என்று ஒரே ஒரு பொத்தானை வைத்துவிட்டு, அதை அழுத்தியவுடன் இந்திய ரூபாயையும் லட்சக் கணக்கையும் எல்லார் தலையிலும் கட்டுகிற மென்பொருள், யாழ்ப்பாணத்துக்கும் பினாங்குக்கும் தமிழில் பேசினாலும் அந்த ஊர்க் கணக்கில் பேசுவதில்லை.

இங்கேதான் இன்று நான் சொல்ல வந்த முதல் செய்தி இருக்கிறது. மொழி வேறு, நாடு வேறு. இரண்டையும் தனித்தனியே கேளுங்கள், தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள். டொரன்டோவில் வாழும் தமிழருக்குத் தமிழ் எழுத்தும் கனடிய டாலரும் ஒருசேர வேண்டும். கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் மலையாளிக்கு மலையாளமும் இந்திய முறைத் தேதியும் வேண்டும். மறைமலைநகர்த் தொழிற்சாலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்பவர்கள், தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதற்காகத் தமிழ் படித்துவிட மாட்டார்கள். அதேபோல இந்தியாவில் இருக்கிறோம் என்பதற்காக நம் மீது இந்தியைத் திணிக்கும் செயலியும் தவறுதான் செய்கிறது. இணைய இணைப்பு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்து மொழியை ஊகிப்பது இரு தரப்பாருக்கும் அநீதி. ஆள் நிற்கும் இடம் மொழியைச் சொல்லாது. அவரே தேர்ந்தெடுத்த அமைப்புதான் சொல்லும்.

படிப்பவருக்கு ஏற்றபடி தர வேண்டும் என்பதை நம் கடற்கரையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அதிரணசண்ட மண்டபம் என்ற குடைவரை இருக்கிறது. அதன் பக்கச் சுவர்கள் இரண்டிலும் ஒரே வடமொழிக் கல்வெட்டு. ஒன்று பல்லவ கிரந்த எழுத்தில், மற்றொன்று நாகரி எழுத்தில். இந்தப் பக்கத்து எழுத்தைப் படிக்கத் தெரியாதவரும் எதிர்ச் சுவரில் படித்துக்கொள்ளலாம். படிப்பவர் எந்த எழுத்தை அறிவாரோ அதிலேயே வெட்டித் தந்திருக்கிறார்கள். மென்பொருளிடம் நாம் கேட்பதும் அதுதான்.

இனி, பல தளங்கள் என்ற சிக்கலுக்கு வருவோம். ஒரே விவரத்தை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு இடத்தில் வைத்திருக்கிறது. லினக்ஸில் அது சூழல் மாறிகளில் இருக்கும். மொழிக்கு ஒன்று, எண்ணுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று, வரிசைப்படுத்த ஒன்று என்று தனித்தனியாக வைக்கலாம். லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் தமிழுக்கு இந்தியா, இலங்கை என்ற இரண்டு அமைப்புகள்தான் உண்டு. சிங்கப்பூரும் மலேசியாவும் இல்லை. மொழிக் குறியீட்டுக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் நடுவே அங்கே அடிக்கோடு போடுவார்கள், விண்டோஸில் இடைக்கோடு. விண்டோஸிலோ திரையின் மொழி, தேதி எண்களின் வடிவம், இருக்கும் நாடு, யூனிகோடு அறியாத பழைய நிரல்களுக்கான மொழி என்று நான்கு தனி அமைப்புகள். கடைசியாகச் சொன்னதில் தமிழுக்கு ஒரு பெரிய இழப்பு உண்டு. விண்டோஸ் 2000 முதல் தமிழ் உள்ளது. ஆனால் அது யூனிகோடில் மட்டும். பழைய நிரல்கள் பயன்படுத்தும் வகைக் குறியீட்டுப் பக்கம் தமிழுக்கு அதில் கிடையாது. அதனால்தான் பழைய நிரலில் தமிழ்ப் பெயரை உள்ளிட்டால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கின்றன. அப்போது நிரலைத்தான் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அமைப்பில் வேறு வேறு மொழியைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பதால் பயன் இல்லை.

கைப்பேசிகளில் இன்னொரு வகை. ஐபோனிலும், 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதலும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை விருப்ப வரிசையில் அடுக்கி வைக்கலாம். ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைக்கும் வசதி ஐபோனில் 2019இலும் ஆண்ட்ராய்டில் 2022இலும் வந்தது. இவ்வளவு வசதி வந்த பிறகும் மொழிபெயர்ப்பு பயனரைச் சென்று சேராமல் போவது உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு செயலியைத் தமிழில் முழுமையாக மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதை 'இந்தியத் தமிழ்' என்ற கோப்புறையில் மட்டும் வைத்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டு 7க்கு முந்தைய கைப்பேசியை 'இலங்கைத் தமிழ்' என்று அமைத்திருக்கும் ஒருவர் அந்தச் செயலியைத் திறக்கிறார். கைப்பேசி முதலில் இலங்கைத் தமிழைத் தேடும், இல்லை. அடுத்து நாடு குறிப்பிடாத பொதுத் தமிழைத் தேடும், அதுவும் இல்லை. உடனே ஆங்கிலத்துக்குப் போய்விடும். பக்கத்துக் கோப்புறையில் இருக்கும் தமிழ் அதன் கண்ணில் படாது. மொழிபெயர்ப்பைப் பொதுத் தமிழ்க் கோப்புறையில் வைத்து, நாட்டுக்கு நாடு மாறும் சில சொற்களை மட்டும் தனியே வைத்திருந்தால் நான்கு நாட்டுக்காரரும் படித்திருப்பார்கள். பல தளங்களுக்கு எழுதுகிறவர் செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு தளமும் தரும் விவரத்தை வாங்கி, ஒரே சீரான மொழிக் குறியீடாக மாற்றிக்கொண்டு, முழுப் பொருத்தம், பிறகு மொழிப் பொருத்தம், பிறகு பயனரின் அடுத்த மொழி என்று இறங்கி வர வேண்டும். பயனர் செயலிக்குள்ளேயே ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டால், அதை இவை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்க வேண்டும்.

இரண்டாவது செய்தி, சேமிப்பைப் பற்றியது. ஏரியில் நிற்கும் தண்ணீர் ஒன்று, மதகுகள்தான் பல. தரவும் அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளே சேமிக்கும்போது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே வடிவம். திரையில் காட்டும்போது மட்டும் அவரவர் வழக்கம். செங்கல்பட்டு மாவட்டம் பிறந்த நாளை எடுத்துக்கொள்வோம்: 2019 நவம்பர் 29. நாம் 29/11/2019 என்று எழுதுவோம். அமெரிக்க அமைப்பில் உள்ள விரிதாளில் இதைத் திறந்தால், 29ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். அது பார்த்தவுடன் தெரிகிற தவறு, திருத்திவிடலாம். அதே பட்டியலில் 05/06/2020 என்று இருந்தால் என்ன ஆகும்? ஜூன் 5 சத்தமில்லாமல் மே 6 ஆகிவிடும். ஒரே நெடுவரிசையில் பாதி எழுத்தாகவும் பாதி தவறான தேதியாகவும் நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2020-06-05 என்று சேமித்தால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரம் சொல்வது அதைத்தான்.

நேரத்துக்கும் இதே விதி. உலகப் பொது நேரத்தில் சேமியுங்கள். காட்டும்போது ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டுங்கள். ஆனால் அந்த ஐந்தரையை நிரலுக்குள் கையால் எழுதிவிடாதீர்கள். 1996இல் இலங்கை தன் கடிகாரத்தை ஆறரைக்கு மாற்றி, அதே ஆண்டில் ஆறுக்குக் கொண்டுவந்து, 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தக் காலத்துக் கொழும்பு நேரத்தைச் சரியாகக் கணக்கிட நேர மண்டலத் தரவுத்தளத்தைத்தான் நம்ப வேண்டும். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்திய நேர மண்டலத்துக்குச் சில தளங்கள் கொல்கத்தா என்ற பெயரையும், சில தளங்கள் கல்கத்தா என்ற பழைய பெயரையும் தருகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் இரண்டையும் வேறு வேறு மண்டலம் என்று நினைத்துக்கொள்ளும்.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். 2020 ஜூன் மாதத்தில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக் கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. அந்த ஆணையின் நிறை குறைகளை விடுங்கள். பெயரின் எழுத்துக் கூட்டலையே அடையாளமாக வைத்திருக்கும் தரவுத்தளம் அந்த ஒரு வாரத்தில் என்ன பாடு பட்டிருக்கும் என்று மட்டும் எண்ணுங்கள். பெயர் மனிதர்கள் படிப்பதற்கு. அடையாளமாக ஓர் எண் இருக்கட்டும். 603306 என்ற அஞ்சல் எண்ணை மதுராந்தகத்தார் எந்த எழுத்திலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள்.

மூன்றாவது செய்தி தமிழின் இயல்பைப் பற்றியது. எனக்கு மிகவும் நெருக்கமானதும் இதுதான். ஆங்கிலத்தில் எழுதும் நிரலாளர் ஒரு வாக்கியத்தில் ஓட்டை விட்டு, அதில் ஊர்ப் பெயரைப் பொருத்திவிடுவார். அங்கே ஊர்ப் பெயர் மாறுவதில்லை. தமிழில் வேற்றுமை உருபு ஏறினால் பெயரே உருமாறும். மதுராந்தகம் மதுராந்தகத்தில் ஆகும், செங்கல்பட்டு செங்கல்பட்டில், செய்யூர் செய்யூரில், சென்னை சென்னையில். மொழிபெயர்ப்பாளரிடம் துண்டு துண்டாகச் சொற்களைக் கொடுத்து, நிரல் அவற்றை ஒட்டினால் 'மதுராந்தகம்இல் மழை' என்று திரையில் வரும். இதைப் பார்க்கிற நம் பிள்ளைகள், கணினித் தமிழ் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பழகிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். இதற்கு மாற்று கடினமானது அல்ல. 'மதுராந்தகம்: இன்று மழை' என்று பெயரை எழுவாய் நிலையிலேயே நிறுத்தி வாக்கியத்தை அமைக்கலாம். அல்லது ஒவ்வொரு ஊருக்கும் வேற்றுமை ஏற்ற வடிவத்தையும் சேர்த்தே சேமித்து வைக்கலாம். வாக்கியத்தை முழுதாக மொழிபெயர்ப்பாளர் கையில் கொடுங்கள். சொற்களை இடம் மாற்றும் உரிமையையும் கொடுங்கள். 'கோப்பு' ஒன்றா பலவா என்பதற்கு இரண்டு வாக்கியங்களைத் தனித்தனியே எழுத இடம் விடுங்கள்.

அகர வரிசையும் அப்படியே. யூனிகோடின் எண் வரிசையில் 'ந'வுக்கு அடுத்து 'ன' வருகிறது. தமிழ் நெடுங்கணக்கில் 'ன' கடைசி எழுத்து. எண் வரிசையை நம்பி நம் மாவட்ட ஊர்களை அடுக்கினால் அச்சிறுபாக்கம், அனகாபுத்தூர், அரசர்கோயில் என்று வரும். ஆரம்பப் பள்ளி மாணவருக்குக்கூடத் தெரியும், அரசர்கோயிலுக்குப் பிறகுதான் அனகாபுத்தூர் வர வேண்டும் என்று. முறையான வரிசை சிஎல்டிஆரில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கூப்பிடும் ஒரு வரியை எழுதாமல் விடுவதுதான் பிழை.

எழுத்திலேயே இன்னொரு பொறியும் இருக்கிறது. கோவளம் என்ற பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது என்று வையுங்கள். 'கோ'வை இரண்டு விதமாகக் கணினியில் எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று; ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிள் கணினிகளின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும்; விண்டோஸ் தட்டச்சு செய்தபடி வைத்துக்கொள்ளும். அதனால் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பிய கோப்பைத் தேடினால் 'இல்லை' என்று வரும். கண்ணெதிரே அது இருக்கும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. அதற்கான வழிமுறை யூனிகோடிலேயே வகுக்கப்பட்டிருக்கிறது.

நம் பெயர்களையும் சொல்லாமல் விட முடியாது. குடும்பப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் படிவத்தின் முன் தமிழர்கள் படும் அவதி எல்லாரும் அறிந்தது. தந்தை பெயரின் முதலெழுத்தையோ, வெறும் புள்ளியையோ போட்டு நிரப்புகிறார்கள். பிறகு ஓர் ஆவணத்தோடு இன்னோர் ஆவணம் ஒத்துப்போவதில்லை. 2021இல் தமிழக அரசு, முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று ஆணையிட்டது. நல்ல ஆணை. ஆனால் ஆங்கில 'எம்' என்ற முன்னெழுத்தைத் தமிழாக்கு என்று கணினியிடம் சொன்னால் அது என்ன செய்யும்? தந்தை முருகன் என்றால் அது 'மு', மணி என்றால் 'ம', மாரி என்றால் 'மா'. ஆங்கிலத்திலிருந்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. முழுப் பெயரை ஒரே பெட்டியில், அவர் எழுதுகிறபடி, தமிழிலும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வதே சரியான வழி.

இளைய நண்பர்களே, இந்தப் பட்டியலைக் கேட்டு மலைக்க வேண்டாம். நமக்கு முன்னே நடந்தவர்கள் இருக்கிறார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத்தான் தமிழ்99 விசைப்பலகை வந்தது; இன்று கைப்பேசிகளிலும் அது இருக்கிறது. 2010இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடை ஏற்றது. முந்திரி, காணி முதலான நம் பழைய பின்னக் குறிகளும் முகத்தல் அளவைக் குறிகளும் உட்பட 51 குறிகள் 2019இல் யூனிகோடு 12இல் இடம்பெற்றன. யாரோ சிலர் உட்கார்ந்து ஆதாரம் திரட்டி எழுதி அனுப்பியதால் அது நடந்தது. இன்னும் செய்ய வேண்டியவை உண்டு. சிஎல்டிஆரில் யூத, இசுலாமிய, எத்தியோப்பிய, சக நாட்காட்டிகள் எல்லாம் இருக்கின்றன. சித்திரை, வைகாசி என்று எண்ணும் நம் நாட்காட்டி இல்லை. ஐப்பசி, கார்த்திகை என்று பேசுகிற உழவர்களுக்குச் செயலி எழுதுகிறவர்கள் இதை ஒவ்வொருவரும் தனியே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். கல்லூரியில் நீங்கள் எழுதும் செய்முறை நிரலை, ஒப்படைப்பதற்கு முன் கணினியை ஒருமுறை தமிழுக்கும் ஒருமுறை ஜெர்மனுக்கும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். பாதிப் பிழைகள் அன்றே வெளிப்படும். சிஎல்டிஆரின் தமிழ்த் தரவைத் திருத்தும் கருவியைக் குறிப்பிட்ட காலங்களில் திறந்துவிடுகிறார்கள். அதில் கணக்குத் தொடங்கி, தவறாகத் தோன்றும் சொல்லுக்கு மாற்றுச் சொல்லை முன்வையுங்கள். மென்பொருள் வாங்கும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களும் அலுவலர்களும், பணம் கொடுப்பதற்கு முன் தமிழ்ப் பெயர் ஒன்றை உள்ளிட்டு, வரிசைப்படுத்தி, தேடி, அச்சிட்டுப் பாருங்கள். நான்கும் சரியாக வராத மென்பொருளை வாங்காதீர்கள். நாம் கேட்டு வாங்காத வரை தமிழை யாரும் சரியாகச் செய்து தரப்போவதில்லை.